பெஞ்சின் மறுமுனை

பெஞ்சின் ஒரு முனையைத் தூக்கிப் பிடித்தபடி பிரகாசம் தெருவைப் பார்த்து நிற்கிறார். மறுமுனை தரையில் கிடக்கிறது. கரையான்சாவடி மாதாகோயிலின் பக்கவாட்டு கேட் அது. கேட்டைத் தாண்டிப் போன ஒருவன் சற்றுத் தள்ளி நின்று, செல்போனைப் பார்க்கிற பாவனையில் திரும்பி வருகிறான். மறுபடியும் தாண்டிப் போகப் பார்க்கிறான். பிரகாசத்துக்கு இது போதும்.

“நைனா, சும்மாதான கீற? இத்த கொஞ்சம் புடி. கனமா கீது.”

கனத்தோடு நிற்கும் பெரியவரை விட்டுவிட்டுப் போக யாருக்கு மனசு வரும்? பிடிக்கிறான். தூக்கிக்கொண்டு உள்ளே போனால் ஒரு அறை. குடியை விட்டவர்களும் விடப் பார்க்கிறவர்களும் சனிக்கிழமைதோறும் கூடி, மனம்விட்டுப் பேசும் அறை. பெஞ்சைப் போட்டதும், “தூக்கினவன் குந்தாம போலாமா?” என்பார் பிரகாசம். அவன் உட்காருவதற்குள் கையில் டீ வந்துவிடும்.

பிரகாசம் என்பது அவர் சொந்தப் பெயரல்ல; இதில் வரும் மற்ற பெயர்களும் மாற்றியவைதான். அங்கே வருபவர்களின் பெயரை வெளியே சொல்வதில்லை என்பது வழக்கம். மண்ணூர்பேட்டைப் பக்கம் ஒரு பட்டறையில் லேத் ஓட்டுகிறார். சட்டைப்பையில் எப்போதும் புளிப்பு மிட்டாய். “நாக்கு எத்தயாச்சும் கேட்டுகினே கீது சார். ஏமாத்திகினு கீறேன்” என்பார். கூட்டத்தின் தொலைபேசி அவரிடம்தான். சோற்றில் கை வைத்திருந்தாலும் எடுத்துவிடுவார். ஹலோ கிடையாது. “சொல்லுங்க, நானும் குடிச்சவந்தான்” என்றுதான் ஆரம்பிப்பார். எதிர்முனையில் அழுகிறவர்கள் அழுது முடிக்கும்வரை சோறு காயும்.

பழைய மரப் பெஞ்சுகளைத் தூக்கிப் போட்டுவிட்டு பிளாஸ்டிக் நாற்காலிகள் வாங்கித் தருவதாக ஒருவர் முன்வந்தார். பிரகாசம் ஒத்துக்கொள்ளவே இல்லை. “பிளாஸ்டிக் சேர ஒரே ஆளு நாலா அடுக்கி எட்த்துகினு பூடுவான். அப்பால புச்சா வர்றவனுக்கு இன்னா வேல?”

தன் பேட்டையில் நடக்கும் கூட்டத்துக்குப் போக யாருக்கும் கூச்சம். பிரகாசமும் நெமிலிச்சேரியிலிருந்து பஸ் மாறி, யார் கண்ணிலும் படாமல் இங்கே வந்தவர். உள்ளே அவருடைய பட்டறை சூப்பர்வைசர் உட்கார்ந்திருந்தாராம். “அவரு என்னப் பாத்தாரு, நான் அவரப் பாத்தேன். கல்யாண ஊட்ல பாத்துகினா மாரி சிரிச்சுகினோம்.”

வந்தவர்களில் பாதிப்பேர் மறுவாரம் காணாமல் போய்விடுகிறார்கள். வருத்தமாக இல்லையா என்று கேட்டேன். “நானுங்கூட போய்ப் போய் வந்தவந்தான் சார்” என்றார், மிட்டாயைக் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு. அலுப்பு என்கிற சரக்கே இல்லாத மனுஷரை அன்றுதான் பார்த்தேன்.

அவரை எனக்குத் தெரியவந்ததே ஸ்ரீநாத்தால்தான். எங்கள் அடுக்குமாடியில் பக்கத்து வீடு, ஐ.டி. வேலை. இன்னும் குடித்தால் ஈரல் தாங்காது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அவன் மனைவி எழிலரசி கூட்டத்தின் நம்பரைத் தேடிப் பிடித்து, “அண்ணா, நீங்களாவது கூட்டிட்டுப் போங்க” என்று என்னிடம் அழுதாள். முதல் வாரம் கேட் அருகே வந்ததும் அவனுக்கு ஆபீஸிலிருந்து ‘கால்’ வந்துவிட்டது. அடுத்த வாரமும் வந்தது. பெரிய கம்பெனிதான்!

மூன்றாம் வாரம் அதற்கும் காத்திருக்கவில்லை. கேட்டைப் பார்த்ததுமே, “இதோ வந்துடறேன் சார்” என்று தெருமுனை டாஸ்மாக்கை நோக்கி நடந்தான். நான் பின்னாலேயே ஓடப் போனேன்.

“ஓடாதீங்க சார். தொரத்துனா கடைக்குள்ளதான் பூந்துக்குவாரு. எனக்குத் தெரியாதா?” என்று தடுத்தார், கேட்டருகே பெஞ்சைப் பிடித்தபடி நின்ற பிரகாசம்.

உள்ளே கூட்டம் ஆரம்பித்துவிட்டது. எழிலரசிக்கு என்ன பதில் சொல்வது என்று யோசித்தபடி நான் தெருமுனையையே பார்த்துக்கொண்டிருந்தேன். வேலுசாமி என்ற உறுப்பினர் வெளியே வந்து, “குடு அண்ணாத்தே, நான் புடிக்கிறேன்” என்று மறுமுனையில் குனிந்தார்.

“நீ போ. ஆளு வந்துகினு கீறாரு.”

வந்தான். கையில் காகிதம் சுற்றிய பாட்டில், மூடி திறக்காமல். என்னை வீட்டுக்குப் போகச் சொல்லத்தான் திரும்பியிருந்தான். “நீங்க கெளம்புங்க சார். எனக்கு இதெல்லாம் சரிப்படாது.”

பிரகாசம் பாட்டிலைப் பார்க்கவே இல்லை. “தம்பி, கை நோவுது. அந்தப் பக்கம் புடி.”

ஸ்ரீநாத் என்னைப் பார்த்தான், அவரைப் பார்த்தான். குனிந்து இடது கையால் தூக்கினான். பெஞ்சு சாய்ந்தது.

“ஒத்தக் கைல வராது நைனா.”

ஸ்ரீநாத் வெகுநேரம் அப்படியே குனிந்து நின்றான். பிறகு பாட்டிலைச் சுவரோரமாகத் தரையில் வைத்துவிட்டு, இரண்டு கையாலும் பெஞ்சைப் பிடித்தான்.

பிரகாசம் அவனுக்கு முதுகைக் காட்டி நடக்கவில்லை. ஸ்ரீநாத்தின் முகத்தைவிட்டுக் கண்ணை எடுக்காமல், அறையின் படியைக் குதிகாலால் தடவித் தடவி, பின்பக்கமாகவே ஏறினார்.