ஃபேன் பெல்ட்டுக்கு எண்ணெய்க் குளியல்

இன்று காலை என் வாடகை பிளஷர் காரில், கம்பைநல்லூரிலிருந்து வலியெடுத்த ஒரு பிள்ளைத்தாய்ச்சியைத் தர்மபுரி ஆஸ்பத்திரிக்கு ஏற்றி வந்தேன். பாதி வழியில் ரேடியேட்டர் கொதித்துவிட்டது.

பானெட்டைத் திறந்தால் இன்ஜின் ஓடுகிறது, ஃபேன் சுற்றவில்லை. பெல்ட்டும் அறுபடவில்லை. இன்ஜினை அணைத்துவிட்டுத் தொட்டேன்.

பெல்ட் முழுக்க நல்லெண்ணெய்! வழுக்குகிற பெல்ட் ஃபேனை எப்படிச் சுழற்றும்?

இன்ஜின் ஆறும்வரை வலி பொறுக்குமா? "உன் வண்டிய நம்பி வந்தமே, நீ நல்லா இருப்பியா?" என்று சபித்துக்கொண்டே, கூட வந்த அவள் மாமியார் அவளைப் பஸ்ஸில் ஏற்றினாள்.

பெல்ட்டைத் துடைத்து வீடு வந்ததும், நேற்று வண்டிக்கு ஆயுத பூஜை போட்ட மச்சினனைப் பிடித்தேன்.

"எல்லாத்துக்கும் எண்ண தேச்சுத்தான் பொட்டு வெச்சனுங்க மாமா" என்கிறான், பெருமையாக.

"பிரேக்குக்குமாடா?" என்று கத்தினேன்.

இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறான்.

நேற்று உங்கள் வண்டிக்குப் பூஜை போட்டது யார்?