வாசலில் விட்ட வாள்

வாளேந்திய மந்திரவாதியின் பலம், பலவீனம் பற்றி எனக்குத் தெரிந்த அளவுக்குக் கொங்கு மண்டலத்தில் இன்னொருவருக்குத் தெரிந்திருக்க வாய்ப்பில்லை. பெருமைக்காகச் சொல்லவில்லை. தொண்ணூறுகளின் நடுவில், மற்றவர்கள் கம்ப்யூட்டர் வகுப்புக்குப் போய் முன்னுக்கு வந்துகொண்டிருந்த ஞாயிற்றுக்கிழமை மதியங்களில் நான் இந்த அறிவைச் சேகரித்தேன். அதன் பிறகு எத்தனையோ நேர்முகத் தேர்வுகளுக்குப் போய்விட்டேன். ஒருவர்கூட அதைப் பற்றிக் கேட்கவில்லை.

பீளமேட்டில் ஒரு பொறியியல் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தோம். வகுப்புத் தோழன் ஒருவனின் மாமா அமெரிக்காவிலிருந்து விடுமுறைக்கு வந்தபோது ஒரு தடித்த புத்தகத்தை விட்டுவிட்டுப் போனார். சாகச ஆட்டம் ஒன்றின் விதிப் புத்தகம். பலகையும் கிடையாது, காய்களும் கிடையாது. மேஜையைச் சுற்றி உட்கார்ந்து ஒருவன் கதையை நடத்துவான். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாக இருந்துகொண்டு, கதவை உடைக்கிறேன், பூதத்தை வெட்டுகிறேன் என்று வாயால் சொல்ல வேண்டும். சொன்னது பலித்ததா இல்லையா என்பதை இருபது முகப் பகடை தீர்மானிக்கும். எண் பெரிதாக விழுந்தால் வெட்டு விழுந்தது என்று அர்த்தம்.

நாங்கள் நான்கு பேர். புத்தகத்துக்குச் சொந்தக்காரன் கதை நடத்துகிறவன். அரக்கன், ராஜா, கழுதை என்று வழியில் வரும் எல்லோருக்கும் அவனே குரல் கொடுப்பான். அவனை மாஸ்டர் என்று அழைத்தோம். இன்னொருவன் வாள்வீரன். அவன் அப்பாவுக்குச் சொந்தமாக, உலோகம் வார்க்கும் ஃபவுண்டரி இருந்தது. அங்கே மரத்தில் வார்ப்பு மாதிரி செதுக்கும் ஷெட்டில்தான் விளையாடினோம். மூன்றாமவன் திருடன். நான்காவதாக நான், வாளேந்திய மந்திரவாதி.

அந்தப் பகடை கோவையில் எந்தக் கடையிலும் கிடைக்கவில்லை. கடையில் கிடைக்காததை வார்த்துக்கொள்வது எங்கள் ஊர்ப் பழக்கம். வாள்வீரன் புத்தகத்தில் இருந்த படத்தைப் பார்த்து மரத்தில் மாதிரி செதுக்கி, மணலில் அச்செடுத்து, அலுமினியத்தில் ஊற்றி, இருபது முகங்களிலும் எண்களைச் சுத்தியால் அடித்துக் குத்திவிட்டான். ஆரஞ்சுப் பழ அளவுக்கு வந்தது. உருட்டினால் பக்கத்து ஷெட்டில் கடைசல் இயந்திரம் ஓட்டுகிறவர் எட்டிப் பார்ப்பார். ஒரே ஒரு சிக்கல். இரண்டு என்ற எண்ணுக்கு அடியில் ஒரு காற்றுக்குமிழி மாட்டிக்கொண்டது. அந்தப் பக்கம் கனம் குறைவென்பதால் எப்படி உருட்டினாலும் இரண்டு மேலே வந்து நின்று எங்களைப் பார்க்கும். இதைச் சொன்னால் வாள்வீரனுக்குக் கோபம் வரும்.

"எங்க வார்ப்புல கொறைங்கற பேச்சுக்கே எடமில்லடா. உன்ற கைதான் செரியில்ல."

இனி மந்திரவாதிக்கு வருகிறேன். அவனுக்கு ஒரு நாளைக்கு மூன்று மந்திரம்தான். அவை தீர்ந்த பிறகு சாதாரண மந்திரவாதி, தாடி வைத்த ஒரு பாரம். வாளேந்தியவன் அப்படியல்ல, வாளை உருவிக்கொண்டு நிற்கலாம். எதிரிக்கும் குழப்பம், இவன் எரிப்பானா, வெட்டுவானா என்று. பலம் அவ்வளவுதான். பலவீனங்களுக்குப் புத்தகத்தில் இரண்டு பக்கம் ஒதுக்கியிருந்தார்கள். மந்திரம் போட இரண்டு கையும் வேண்டும், ஆகவே வாளைக் கீழே வைக்க வேண்டும். கீழே வைத்ததை எடுப்பதற்குள் ஒரு அடி விழும். கவசம் போட்டால் மந்திரம் வராது. போடாவிட்டால் உயிர் நிற்காது. அதைவிட மோசம், சம்பாதிக்கும் அனுபவம் இரண்டு தொழிலுக்கும் பாதிப் பாதியாகப் பிரிந்துவிடும். வாள்வீரன் ஐந்தாம் படிக்குப் போனபோது நான் மந்திரத்தில் இரண்டு, வாளில் இரண்டு. கூட்டினால் நான்கு வருகிறதே என்று வாதாடினேன். புத்தகத்தில் கூட்டல் இல்லை என்று மாஸ்டர் சொல்லிவிட்டான்.

உக்கடத்தில் மோட்டார் காயில் கட்டிக்கொண்டே ஜாதகமும் பார்த்த ஒருவரை எனக்குத் தெரியும். மோட்டார் எரிந்தால் கிரகம் என்பார். கல்யாணம் தள்ளிப்போனால் எர்த் சரியில்லாத மாதிரி முகத்தை வைத்துக்கொள்வார். இரண்டு தொழிலிலும் அவரை யாரும் முழுசாக நம்பவில்லை. எனக்கு அவர் மேல் ரகசியமாக ஒரு மரியாதை உண்டு.

மூன்று மாதமாகியும் என் வாள் யார் மேலும் படவில்லை. அதற்கிடையே வாள்வீரன் வாரா வாரம் அடிபட்டுக் கிடந்தான். காயத்தை ஆற்றும் வைத்தியர் பாத்திரம் எங்கள் கூட்டத்தில் இல்லை. பின்னால் நின்று கட்டுப் போடும் வேலை யாருக்கும் பிடிக்கவில்லை. கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஷெட்டில் பஞ்சாயத்து வைத்தார்கள்.

"ஏண்டா, நான் ரத்தம் கக்கறன், நீ வாளைத் தொடச்சுட்டு நிக்கறே," என்றான் வாள்வீரன்.

"வாளு பளபளன்னு இருக்குதுப்பா. அது செரியாத்தான் இருக்குது," என்றான் திருடன்.

தீர்ப்பு இதுதான்: இன்றைய ஆட்டத்தில் என் வாள் ஒரு முறையாவது எதிரி மேல் பட வேண்டும். படாவிட்டால் என் பாத்திரத்தின் விவரங்களை எழுதி வைத்திருந்த தாளைக் கிழித்துப் போட்டுவிட்டு அடுத்த வாரம் முதல் நான் வைத்தியர்.

பிளஸ் டூவில் எந்த குரூப் என்பதை அப்பா முடிவு செய்தார். கல்லூரியில் எந்தப் பிரிவு என்பதை மதிப்பெண் முடிவு செய்தது. நானாக யோசித்து, நானாக நிரப்பிய ஒரே விண்ணப்பம் அந்தத் தாள்தான். பென்சிலால் எழுதி, பிறகு மசியால் எழுதியிருந்தேன்.

அன்றைய கதை எளிது. மலைக்குகையில் ஓர் அரக்கன். ராஜாவின் முத்திரை மோதிரம் அவனிடம் இருக்கிறது. உள்ளே புகுந்து வெட்டி வீழ்த்தி எடுத்துவர வேண்டும். குகை வாசலில் போய் நின்றோம். மாஸ்டர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு அரக்கனானான்.

"ஆருங்க அது?"

இப்படிக் கேட்டால் என்ன செய்வது? "நாங்கதானுங்க," என்றான் வாள்வீரன்.

"ஏனுங்க வெயில்ல நின்னுட்டு இருக்கறீங்க? உள்ள வாங்க."

நான் முந்திக்கொண்டேன். "செருப்பக் கழட்டிப்போட்டு உள்ள போறேன்," என்று அறிவித்தேன்.

யாரும் சிரிக்கவில்லை. திருடனும் கழற்றினான். வாள்வீரனும் கழற்றினான். மாஸ்டர் அதைக் கர்ம சிரத்தையாகக் குறித்துக்கொண்டு என்னைப் பார்த்தான்.

"வாளு?"

"என்ன வாளு?"

"இடுப்புல வாளோடவா அடுத்தவங்க ஊட்டுக்குள்ள போறே?"

சத்தியமாகச் சொல்கிறேன், எனக்கு அரக்கன் தெரியவில்லை. முன்பின் தெரியாத ஒருவர் வீட்டு முன்னறையில், நாற்காலியில் வாள் இடிக்க, கோணலாக உட்கார்ந்திருக்கும் நான்தான் தெரிந்தேன். "செருப்புக்குப் பக்கத்துல சாத்தி வெச்சுப்போட்டேன்," என்றேன்.

"அட கெரகமே!" என்று வாள்வீரன் தலையில் அடித்துக்கொண்டான். "நான் வெக்கல. நான் வாளோடதான் போறேன்."

"பரவால்லீங்க," என்றான் அரக்கன். குரலில் வருத்தம் இருந்தது. "உக்காருங்க. எந்த ஊருங்க உங்களுக்கு? இருங்க, மோரு கொண்டு வாரேன்."

அவன் மோர் எடுக்கத் திரும்பிய நேரத்தில் திருடன் பெட்டியிலிருந்து மோதிரத்தை எடுத்தான். அரக்கன் பார்த்துவிட்டான். மோர்ச் சொம்பை வைத்துவிட்டு ஒரே அடி. அடி விழுந்தது வழக்கம்போல வாள்வீரன் மேல். அவன் தரையில் சாய்ந்தான். நான் மூன்று மந்திரத்தையும் வரிசையாக விட்டேன். தூக்க மந்திரத்துக்கு அரக்கன் ஒரு கொட்டாவி விட்டான். வெளிச்ச மந்திரம் குகையை அழகாகக் காட்டியது. மூன்றாவது, பூட்டிய கதவைத் திறக்கும் மந்திரம். கதவு திறந்துதான் இருந்தது.

"வெளிய ஓடிப்போயி, செருப்ப மாட்டிட்டு, வாளை எடுக்கறேன்," என்றேன்.

"செருப்ப எதுக்குடா மாட்றே?" என்று கீழே கிடந்த வாள்வீரன் கத்தினான்.

"வெளிய போனா மாட்டாம?"

அவசரத்தில் வாள் கைக்கு அகப்படுமா என்று பகடை போடச் சொன்னான் மாஸ்டர். இந்த ஒரு விஷயத்தில் மட்டும் சின்ன எண் விழ வேண்டும் என்பது விதி. உருட்டினேன். இரண்டு. வாழ்க்கையில் முதல் முறையாக அந்தக் குமிழி எனக்கு உதவியது. வாள் கையில், அரக்கன் உள்ளே, வாசலில் நான்.

"உள்ள போறேன்," என்றேன்.

"செருப்பு?" என்றான் மாஸ்டர்.

செருப்பைக் கழற்றக் குனிந்தால் ஒரு சுற்று போய்விடும். அதற்குள் திருடனுக்கும் அடி விழும். ஷெட்டில் எல்லோரும் என்னையே பார்த்தார்கள். பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னேன்: "செருப்போடவே போறேன்."

திருடன் நாக்கைக் கடித்துக்கொண்டான். மாஸ்டர் அரக்கனின் குரலில், மெதுவாக: "ஏனுங்க, செருப்புக் காலோடவா? சாமி படமெல்லாம் மாட்டியிருக்குதுங்க."

வழக்கமாக அவனை வெட்டப் பதினைந்து விழ வேண்டும். அதிர்ச்சியில் அவன் என் காலையே பார்த்துக்கொண்டிருப்பதால் பன்னிரண்டு போதும் என்று மாஸ்டர் சலுகை கொடுத்தான். பகடையை இரண்டு கையிலும் பிடித்துக் குலுக்கி உருட்டினேன். மேஜை மேல் தடதடவென்று ஓடி, விளிம்பில் யோசித்து, நின்றது.

இரண்டு.

"தப்பா நெனச்சுக்காதீங்க," என்றேன். வாய் தானாகச் சொன்னது.

"செரி உடுங்க, அவசரத்துல வந்துட்டீங்க," என்றான் அரக்கன். விருந்தாளியாக வந்து மன்னிப்பும் கேட்டவனை அடிக்க மாஸ்டருக்கு மனம் வரவில்லை என்று இப்போது நினைக்கிறேன். "மொதல்ல கீழ கெடக்கற அவருக்கு மருந்து போடுங்க."

"எங்ககிட்ட வைத்தியர் இல்லீங்க."

"அடப் பாவமே! இத்தன தூரம் வாரீங்க, ஒரு வைத்தியர் இல்லாமயா?"

"அதையத்தானுங்க நானும் மூணு மாசமாச் சொல்றேன்," என்றான் தரையில் கிடந்தவன், சாக வேண்டிய நேரத்தில்.

திருடன் மோதிரத்தைத் திருப்பிக் கொடுத்தான். மோர் குடித்துவிட்டுக் கிளம்பினோம். ராஜாவிடம் என்ன சொன்னோம் என்பது ஞாபகமில்லை. என் தாளை நானே கிழித்தேன். நால்வரும் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தோம் என்று எழுத ஆசை, ஆனால் திருடன் அந்தத் துண்டில் டீக்குச் சொன்ன கணக்கை எழுதினான்.

அடுத்த ஞாயிறு புதுத் தாள். வைத்தியர் கூர்மையான ஆயுதம் எதையும் தொடக்கூடாது என்பது புத்தக விதி. ரத்தம் சிந்தாமல் அடிக்கிற மாதிரி ஏதாவது வைத்துக்கொள்ளலாம். உலக்கை என்று எழுதினேன். அன்றைக்கு ஒரு சூனியக்காரியின் வீடு. அதே உபசாரம். செருப்பைக் கழற்றினோம். மாஸ்டர் பென்சிலோடு என் பக்கம் திரும்பினான்.

"உலக்கை?"

"அது ஊட்டுச் சாமானுங்க," என்றேன். "உள்ள கொண்டு போலாம்."

அவன் அதையும் குறித்துக்கொண்டான். உள்ளே போனதும் உலக்கையை ஓங்கிப் பகடையை உருட்டினேன். பத்தொன்பது விழுந்தது.

"பாத்தியாடா," என்றான் வாள்வீரன். "எங்க வார்ப்புல கொறையே கெடையாது."