அம்மா ஊறவைத்த கடைசித் தொட்டி

அம்மாவின் இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியதும் முகப்பில் ஒட்டியிருக்கும் இலையைத் தடவிப் பார்த்திருப்பீர்கள். சதையெல்லாம் போய் நரம்பு மட்டும் வலைபோல நிற்கும் அரசிலை. அது எந்தத் தொட்டியிலிருந்து வந்தது என்பதைச் சொல்லத்தான் அப்பாவும் தம்பியும் என்னை எழுதச் சொன்னார்கள். இலையைச் சொல்வதற்கு முன் அம்மாவைச் சொல்ல வேண்டும்.

அம்மா திண்டிவனத்தில், மல்லாட்டை என்று எங்கள் பக்கம் சொல்லும் வேர்க்கடலை மண்டிக்குப் பின்தெருவில் பிறந்தவர். ஐந்து பிள்ளைகளில் நாலாவது. படம் வரைவதில் கெட்டிக்காரர், ஆனால் பத்தாம் வகுப்போடு படிப்பு நின்றது. 1993இல் அப்பாவைக் கைப்பிடித்து விழுப்புரம் ரயில்வே குடியிருப்புக்கு வந்தார். அப்பாவுக்குத் தண்டவாளத்தில் வேலை. எந்த வேளை போவார், எந்த வேளை வருவார் என்று சொல்ல முடியாது. வீட்டையும் எங்கள் இருவரையும் அம்மா ஒற்றை ஆளாகத்தான் கட்டிக் காத்தார்.

குடியிருப்பு ஓரத்தில் ஒரு பிள்ளையார் கோயிலும் அரசமரமும் உண்டு. ஒரு மழைக்காலத்தில் கொல்லைப்புற வாளியில் விழுந்து கிடந்த இலைகளை அம்மா மறந்தே போனார். ஒரு மாதம் கழித்து வாளியைக் கழுவப் போனவர் கையில் இலைகள் வலை வலையாக வந்தன. அதில் ஒன்றைக் காயவைத்து, மீன்கொத்தி ஒன்றை வரைந்து, அட்டையில் ஒட்டித் திண்டிவனத்து மாமாவுக்குப் பொங்கல் வாழ்த்து அனுப்பினார். மாமா அதைத் தெரு முழுக்கக் காட்டிவிட்டார். தொழில் அப்படித்தான் தொடங்கியது.

கோயில் மரத்து இலையை அம்மா ஒருநாளும் பறித்ததில்லை. விடிந்ததும் போய்க் கோயில் வாசலைப் பெருக்கிக் கோலம் போட்டுவிட்டு, பெருக்கியதில் நல்லதாகப் பொறுக்கிக்கொண்டு வருவார். நீலத் தொட்டியில் நாற்பது நாள் ஊறும். பிறகு பழைய பல் பிரஷால் சதையைத் தேய்த்தெடுப்பார். எங்கள் வீட்டில் எவருடைய பிரஷுக்கும் ஆயுள் கெட்டியில்லை. தேய்த்த இலைகள் செய்தித்தாளுக்குள் அடங்கி மெத்தைக்கு அடியில் போகும். நாங்கள் படுத்துப் புரண்டுதான் அவை தட்டையாயின. தொழிலில் எங்கள் பங்கு அவ்வளவுதான்.

இதில் அம்மா வைத்திருந்த கறார் ஒன்று உண்டு. நாலரை மணிக்கு நாங்கள் பள்ளியிலிருந்து வரும்போது ஓர் இலைகூட வெளியில் இருக்காது. அதன்பிறகு அவர் எங்களுக்கு மட்டும்தான். யார் அவசரம் என்று வந்து நின்றாலும் நாளைக்குக் காலையில் என்பார்.

தொட்டியின் நாற்றத்தை மட்டும் அம்மாவால் எடுத்து வைக்க முடியவில்லை. உறவில் சிலர் மூக்கைப் பிடித்துக்கொண்டே பலகாரம் சாப்பிட்டார்கள். பெயர் சொல்ல மாட்டேன், அவர்களுக்கே தெரியும்.

நான் ஒன்பதாவது படித்தபோது அம்மாவுக்கு முதல் பெரிய ஆர்டர் வந்தது. புதுச்சேரியில் கடை வைத்திருந்த ஒரு மேடம் கிறிஸ்துமஸுக்கு முந்நூறு வாழ்த்து அட்டை கேட்டிருந்தார். தொட்டி நிறைய இலை. அந்த வாரம்தான் என் தோழிகள் இருவர் முதல்முறையாக வீட்டுக்கு வருவதாக இருந்தது. அம்மா ரேஷன் கடைக்குப் போன நேரம் பார்த்து, நாற்றத்துக்கு வெட்கப்பட்டு, தொட்டியைச் சாக்கடையில் கவிழ்த்தேன். பினாயிலும் ஊற்றினேன்.

அம்மா வந்து பார்த்தார். திட்டவில்லை. யார் வருகிறார்கள் என்று மட்டும் கேட்டார். தோழிகளுக்குக் கேசரி கிளறிக் கொடுத்து, அவர்களுடைய ஊர், பேர் எல்லாம் விசாரித்துச் சிரித்துப் பேசி அனுப்பினார். நான் என் பங்குக் கேசரியைத் தம்பி பக்கம் தள்ளிவிட்டேன்.

அந்தச் சனிக்கிழமை என்னையும் கூட்டிக்கொண்டு புதுச்சேரி பஸ் ஏறினார். என்னை மன்னிப்புக் கேட்க வைக்கத்தான் என்று நினைத்து வழியெல்லாம் சொல்ல வேண்டியதை மனதுக்குள் அடுக்கிக்கொண்டு வந்தேன். கடையில் ஐந்தாறு பேர் இருந்தார்கள். அம்மா நேராகப் போய் நின்றார்.

“தொட்டிய நாந்தான் மேடம் கவுத்துட்டேன். ஏதோ நெனப்புல வேல பண்ணிக்கினு இருந்தேன், கவனிக்கல.”

அந்த மேடம் எல்லார் முன்னாலும் பேசிவிட்டார். பொறுப்பில்லாதவர்களை நம்பினால் இப்படித்தான் என்றார். ஆர்டர் போயிற்று. அம்மா தலை குனிந்து கேட்டுக்கொண்டார். நான் பக்கத்தில் நின்றேன், வாயைத் திறக்கவில்லை. அதற்கப்புறம் ஓராண்டுக்கு மேல் அந்தக் கடைப் பக்கம் அம்மா போகவில்லை. விழுப்புரத்திலேயே பள்ளி விழாக்களுக்கும் கல்யாண வீடுகளுக்கும் செய்து கொடுத்து மெல்ல மெல்ல எழுந்தார். பிறகு மேடமே தேடி வந்தார். ஆனால் நான் ‘மன்னிச்சுக்கோம்மா’ என்று சொல்லவேயில்லை. நாளைக்கு, நாளைக்கு என்று கல்லூரியும் போய்க் கல்யாணமும் ஆகிவிட்டது.

போன ஆண்டு அம்மா மருத்துவமனையில் படுத்தபோது வீட்டில் ஒரு தொட்டி ஊறிக்கொண்டிருந்தது. தினமும் அதைத்தான் கேட்டார்.

“தண்ணி மாத்தினியா?”

“மாத்திக்கினுதாம்மா இருக்கேன்.”

“கொட்டிடாதடி.”

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அன்றைக்கு ஏன் பழியை நீ ஏற்றுக்கொண்டாய், என்னைச் சொல்ல வைத்திருக்கலாமே என்று கேட்டுவிட்டேன். அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

“எல மறுபடி வுழும். நாலு பேரு எதிர்ல உன் தல குனிஞ்சா, அத நான் எங்க போயி பொறுக்குவேன்?”

அன்று சொன்னேன், மன்னிச்சுக்கோம்மா என்று. அம்மா மணி என்ன என்று கேட்டார். நாலு என்றேன். உன் பிள்ளை பள்ளியிலிருந்து வந்துவிடுவான், கிளம்பு என்று துரத்திவிட்டார். மூன்றாம் நாள் காலையில் அம்மா போய்விட்டார்.

இரத்தம் கொடுத்த அப்பாவின் ரயில்வே நண்பர்களுக்கும், பதினாறு நாளும் எங்களுக்குச் சமைத்துப் போட்ட பக்கத்து வீட்டு அக்காவுக்கும், திண்டிவனத்திலிருந்து வந்து கூடவே கிடந்த மாமாவுக்கும், தூக்கி நிறுத்திய உறவினர் எல்லாருக்கும் நாங்கள் கடமைப்பட்டிருக்கிறோம். புதுச்சேரி மேடம் காரியத்துக்கு வந்திருந்தார். தொட்டியைக் கவிழ்த்தது யார் என்பதை அன்று அவரிடம் சொல்லிவிட்டேன்.

காரியம் முடிந்ததும் நான், தம்பி, அப்பா மூவரும் ஆளுக்கொரு பிரஷை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தோம். உங்கள் கையில் இருக்கும் இலை அந்தத் தொட்டியில் ஊறியதுதான். ஓரத்தில் கிழிசல் இருந்தால் அது எங்கள் கைப்பழக்கமின்மை, பொறுத்தருளுங்கள். கிழிந்ததையும் சேர்த்துத்தான் ஒட்டியிருக்கிறோம். இந்த முறை ஒன்றைக்கூட நான் கொட்டவில்லை.