ஓடைக்குக் கீழே ஒரு குரல்

தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான எங்கள் லயத்துக்குப் பின்னால் இறங்குகிற ஓடை, தேயிலை மலையைத் தாண்டிக் கீழே உள்ள சிங்களக் கிராமத்துக்குப் போகும். அவர்கள் குடிப்பதும் அதே தண்ணீர்தான். அதனால் கீழே குடம் நிறையும் முன்பு மேலே யாரும் துணி துவைப்பதில்லை. நிறைந்ததும் கீழிருந்து ஒரு பெண் குரல் கொடுப்பாள்: "ஹரி அக்கே!" ஆயிற்று, இனி நீங்கள் துவைக்கலாம் என்று அர்த்தம். அம்மா, "ஹரி நங்கி!" என்று அவளைத் தங்கச்சியாக்கிப் பதில் சொல்லிவிட்டுத்தான் சவர்க்காரத்தைத் தொடுவாள். இருவரும் நேரில் உட்கார்ந்து பேசியது அபூர்வம். பழக்கமெல்லாம் அந்தக் குரலோடுதான்.

ஹாலிஎல டவுனில் நான் வீடு கட்டியதே அம்மாவுக்காகத்தான். முற்றத்தில் குழாய், பக்கத்தில் துவைக்க உயரமான கல். கொழுந்துக் கூடை சுமந்த முதுகு இனிக் குனியக் கூடாது என்று பார்த்துப் பார்த்துக் கட்டினேன். எவ்வளவோ கெஞ்சியபின், ஒரு தீபாவளி முடிந்து அம்மா வந்து சேர்ந்தாள். இனி இங்கேதான் என்று எனக்குத் தலைகால் புரியவில்லை.

மறுநாள் காலை துணியை நனைத்து வைத்துக்கொண்டு கல்லடியில் சும்மா நின்றாள்.

"என்னம்மா, தண்ணி வரலியா?"

"வருது. கைதான் போக மாட்டேங்குது."

"ஓடைக்குக் கீழ இருக்குறவங்ககிட்ட சொல்லிட்டுத்தான வந்தீங்க?"

"சொன்னேன். அப்ப நான் யாருக்குக் கொரல் குடுக்குறதுன்னு கேட்டா."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பெற்ற மகளைவிட ஓடைக்குக் கீழே இருக்கிறவள் பெரிதா? பொறாமைதான், வேறென்ன. ஆனால் ஒரு வாரமாக அம்மா ஒவ்வொரு காலையும் அப்படியே நிற்பதைப் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. பதுளைக்குக் கூட்டிப்போய், தோட்டத்து பஸ்ஸில் நானே ஏற்றிவிட்டேன்.

அந்தக் கல்லில் இப்போது பிள்ளைகளின் சப்பாத்துகள் காய்கின்றன.

காலையில் நான் அம்மாவுக்குப் போன் எடுத்தால், "இரு, கூப்புடுறா," என்று பேச்சைப் பாதியில் விட்டுப் போனைக் கீழே வைத்துவிடுவாள். தண்ணீர்ச் சத்தம் கேட்கும். தூரத்தில் அந்தக் குரல், பக்கத்தில் அம்மாவின் பதில். பிறகு துணி அடிக்கிற சத்தம்தான். நான் காத்திருப்பதை அம்மா மறந்தே போயிருப்பாள். போனைக் காதிலிருந்து எடுக்க மனம் வராமல் நான் குழாயடியிலேயே நிற்பேன்.