அத்தானின் நடையும் கோல்ஃப் மைதானத்தின் வரியும்

நகரசபை மண்டபத்தின் பெரிய திரையில் அத்தான் நின்றார். முழங்கால்வரை பனி, காதை மூடிய கம்பளித் தொப்பி, பின்னால் வெள்ளையாகப் பரந்து கிடந்த கோல்ஃப் மைதானம். கமெராவைக் கண்டாலே விறைத்துப்போகும் மனிதர் அந்தப் படத்தில் மட்டும் வாய்விட்டுச் சிரித்துக்கொண்டிருந்தார், எடுத்தவள் நான் என்பதால். திரையில் அவரைக் கண்டபோது எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. அந்தப் பெருமையை இப்போது நினைத்தால் உடம்பு கூசுகிறது.

அத்தான் என் அக்காவின் கணவர். மொன்றியல் துறைமுகத்தில் கொள்கலன்கள் இறக்கும் இடத்தில் வேலை செய்தவர். லாசாலில் இருந்த அவர்களின் சின்ன அடுக்குமாடி வீட்டில், வரவேற்பறைச் சோபாவில் படுத்தெழும்பித்தான் நான் படித்து முடித்தேன். ஒருநாள்கூட அவர் முகம் சுளித்ததில்லை. பிறகு மேற்குப் புறநகர் ஒன்றில் வீடு வாங்கினார்கள். பின்வளவைத் தாண்டினால் கோல்ஃப் மைதானம். "விளையாட்டு விளங்கேல்லை, ஆனா காத்து நல்லா வருது" என்பார். குடிபோன கையோடு நெஞ்சுவலி வந்து பைபாஸ் செய்தார்கள். தினமும் நடக்கச் சொன்னார் டொக்டர். அத்தானுக்கோ உறைந்து வழுக்கும் நடைபாதை என்றால் உயிர்ப்பயம். விழுந்தால் நெஞ்சுத் தையல் பிரிந்துவிடும் என்று யன்னலோரம் குந்தியிருந்தார். யாரோடும் கதை இல்லை. அந்த யன்னலால்தான் ஒருநாள் அயலவர்கள் நாயைக் கூட்டிக்கொண்டு மைதானத்தில் நடப்பதைக் கண்டார். பனிக்காலத்தில் ஆட்டம் கிடையாது, கழகமும் கண்டும் காணாமலும் இருந்தது. மெத்தென்ற பனியில் விழுந்தாலும் பெரிதாக நோகாது என்று கணக்குப் போட்டு அத்தான் இறங்கினார். முதலில் வளவோரம், பிறகு மரங்கள்வரை, கடைசியில் மறுகரைவரை. முகத்தில் நிறம் திரும்பியது. "மனுசன் என்னோட சண்டை பிடிக்கத் தொடங்கிட்டார், இனிப் பயமில்லை" என்று அக்கா தொலைபேசியில் சொன்னாள்.

நான் சொத்துவரி ஆலோசனை நிறுவனம் ஒன்றில் வேலை செய்கிறேன். பெரிய நிலம் வைத்திருப்பவர்கள் குறைவாக வரி கட்ட வழி சொல்வது எங்கள் தொழில். அந்தக் கோல்ஃப் கழகம் எங்களிடம் வந்தது. வீடு கட்டி விற்கக்கூடிய நிலம் என்று மதிப்பிட்டால் அதற்கு வரும் வரியைக் கழகம் தாங்காது. கட்டடம் எழுப்பாத திறந்தவெளி என்று மதிப்பிட்டால் வரி சொற்பம். அவர்கள் கட்டாத மிச்சம் ஊரில் வீடு வைத்திருக்கும் மற்றவர்களின் தலையில் விழும், அத்தானின் தலையிலும். வசதியானவர்களின் விளையாட்டுக்கு நாங்கள் ஏன் கட்ட வேண்டும் என்று ஊரில் எதிர்ப்புக் கிளம்பியிருந்தது. அந்த வெளியால் ஊருக்கும் பயன் உண்டு என்று காட்ட வேண்டும் என்றார் என் மேலதிகாரி. என் கைத்தொலைபேசியில் அத்தானின் படம் இருந்தது. எடுத்துக் காட்டியது நானேதான், யாரும் என் கையை முறுக்கவில்லை.

படம் மட்டும் போதாது, நகரசபைக் கூட்டத்துக்கு ஆளும் வந்தால் நல்லது என்றார்கள். அத்தானிடம் கேட்டேன். "நீ கேட்டு நான் வராம இருப்பனே, பிள்ளை?" என்றார். கலியாண வீடுகளுக்குப் போடும் கோட்டைப் போட்டுக்கொண்டு, நெற்றியில் திருநீற்றோடு வந்தார். துறைமுகத்தில் பழகிய பிரெஞ்சை அவரின் மகள் திருத்திக் கொடுத்திருந்தாள். மைக்கின் முன்னால் நின்று "போன்ஜூர்" என்று தொடங்கி, அந்த நிலத்தில் நடந்துதான் தன் இதயம் தேறியது என்றும், தன்னைப் போன்றவர்களை நடக்க விடுகிறவர்களுக்கு "மெர்சி" என்றும் சொன்னார். எதிர்த்துப் பேச வந்தவர்கள்கூடக் கைதட்டினார்கள். கழகத்துக்கு அந்த வரிச்சலுகை கிடைத்தது. காரில் திரும்பும்போது, "எங்கட வரி கொஞ்சம் கூடுமாம், உன்ர அக்கா புறுபுறுக்கிறா. கூடினாக் கூடட்டும், நடக்கிறமெல்லே" என்று சிரித்தார். நானும் சேர்ந்து சிரித்தேன்.

அந்தச் சலுகைக்குக் கட்டடம் எழுப்பாமல் இருந்தால் போதும், யாரையும் உள்ளே விட வேண்டும் என்ற நிபந்தனை கிடையாது. இது எனக்கு அன்றைக்கே தெரியும். தெரிந்துகொண்டுதான் அத்தானை மைக்கின் முன்னால் நிறுத்தினேன். அடுத்த பனிக்காலம் தொடங்குமுன்னரே மைதானத்தைச் சுற்றிக் கம்பிவேலி வந்தது, வாசலுக்குப் பூட்டும் வந்தது. யாராவது விழுந்து வழக்குப் போட்டால் காப்புறுதி நிறுவனம் கைவிட்டுவிடும் என்று கழகம் காரணம் சொன்னது. மேலதிகாரியிடம் போய்க் கேட்டேன். "என்றைக்கும் நடக்க விடுவோம் என்று யாரும் வாக்குக் கொடுக்கவில்லையே" என்றார், தன்மையாகத்தான். அவர் சொன்னது உண்மை. வாக்கு ஒன்றும் கொடுக்காமலே ஊரை நம்பவைக்க எங்களுக்கு ஒரு மனிதர் தேவைப்பட்டார், அவரைக் கூட்டிவந்து கொடுத்தவள் நான்.

இப்போது அத்தான் புவாண்ட்-கிளேரில் ஒரு கடைத்தொகுதிக்குள் நடக்கிறார். கடைகள் திறக்குமுன் வயதானவர்கள் அங்கே சுற்றிச் சுற்றி நடப்பார்கள். அக்காதான் காரில் கொண்டுபோக வேண்டும், அவளுக்கு வேலை என்றால் அன்றைக்கு நடை இல்லை. ஆள் மறுபடி வாடிவிட்டார். போன கிழமை அவரை நான் கூட்டிப்போனேன். எல்லாவற்றையும் சொல்லிவிடுவது என்ற முடிவோடுதான் போனேன். பாதிச் சுற்றில் மூச்சு இரைத்து, ஓரத்தில் கிடந்த வாங்குப் பலகையில் அமர்ந்தார். நான் வாயெடுக்குமுன் அவரே தொடங்கினார்.

"பிள்ளை, உன்னட்ட ஒண்டு சொல்லோணும் எண்டு கனநாளா நினைச்சனான். அந்த வேலி என்னாலதான் வந்தது. பந்து விழுற குழியில கொடி நடுற இடத்தில ஒரு பஞ்சுமாதிரிப் புல்லு இருக்கெல்லே, பனி கரையேக்க கவனிக்காமச் சப்பாத்துக் காலோட அதில ஏறிட்டன். தூர நிண்டு ஒருத்தன் பாத்தவன். சபையில அவ்வளவு கதைச்சுப்போட்டு நானே எல்லாருக்கும் கெடுத்துப்போட்டன். உனக்கு வேலையில கரைச்சல் ஒண்டும் வரேல்லையே?"

"இல்லை அத்தான், ஒரு கரைச்சலும் வரேல்லை" என்றேன்.

அது உண்மைதான். அந்தச் சலுகையை வென்று கொடுத்ததற்காக எனக்குப் பதவி உயர்வு கிடைத்திருந்தது. அத்தானின் முகம் தெளிந்தது. "அப்ப சரி" என்று என் தோளைப் பிடித்து எழும்பி, பூட்டிக் கிடந்த கடைகளுக்கு முன்னால் நடக்கத் தொடங்கினார்.