மருமகள்களை வைத்து எழுதிய வம்சாவளி

மேனாம்பேட்டில் ஏரிக்கரையை ஒட்டி எங்களுக்கு ஒரு கொல்லை இருந்தது. கத்தரியும் வெண்டையும் போடுவோம். வீட்டுக்குப் போக மிச்சம் பூந்தமல்லி சந்தைக்குப் போகும். வேறு நிலம் கிடையாது. வெள்ளைக்காரன் காலம் அது. நான் கல்யாணமாகி வந்த இரண்டாம் வருஷம், என் வீட்டுக்காரரின் பங்காளி ஒருவர் கொல்லை தன்னுடையது என்று கிளம்பினார். காடு வெட்டிக் கழனியாக்கிய பெரியவருக்கு வாரிசு தான் மட்டும்தானாம். எங்கள் ஆட்கள் உழவு ஓட்ட வந்து ஒட்டிக்கொண்டவர்களாம்.

என் வீட்டுக்காரர் மீசையை முறுக்கினார். அப்போது அவருக்கு அது சரியாக முளைக்கக்கூட இல்லை. அந்தப் பெரியவரின் இளைய மகன் வழி நாங்கள் என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தவர் அவர்.

ஊர்க் கணக்குப்பிள்ளை வம்சாவளி எழுதினால் தெரிந்துவிடும் என்றார்கள். அவரும் பழைய கணக்குக் கட்டோடு எங்கள் வாசலில் வந்து உட்கார்ந்தார். பங்காளியும் எதிரே உட்கார்ந்துகொண்டார். பழைய கதை தெரிந்தவர் என் மாமியார் ஒருத்திதான். கணக்குப்பிள்ளை அவரிடம் புருஷன் பெயர் கேட்டார். மாமியார் தலையைக் குனிந்துகொண்டார். மாமனார் பெயர் கேட்டார். அதற்கும் குனிந்தார். கட்டினவன் பெயரையும் அவனைப் பெற்றவன் பெயரையும், அவர்கள் செத்துப்போன பிறகும் வாயால் சொல்லக் கூடாது.

"பேரே சொல்லாட்டி நான் எதை ஆயா எழுதறது?"

"ஆம்பிளைங்க பேரத்தானே சொல்லக் கூடாது சாமி? பொம்பளைங்க பேர சொல்றேன், எய்திக்கோங்க."

தன்னிலிருந்தே தொடங்கினார். தான் பாடிக்காரி. தன் மாமியார் குமணன்சாவடிக்காரி. அவளுக்கு மாமியார் திருமுல்லைவாயிலிலிருந்து ஒரு எருமையோடு வந்தவள். ஒவ்வொருத்தியின் பெயர், ஊர், சீர், குழம்பில் உப்பு தூக்கலா மட்டா என்பதுவரை சொன்னார். கணக்குப்பிள்ளை கட்டைப் பார்த்து அந்தந்தப் பெண்ணுக்கு எதிரே அவள் புருஷனை எழுதிக்கொண்டே வந்தார். எங்கள் வீட்டு ஆண்கள் காகிதத்தில் வரிசையாக மாப்பிள்ளை மாதிரிப் பக்கத்தில் போய் உட்கார்ந்தார்கள்.

நாலாவது பெண்ணுக்குப் பெயர் மட்டும் சொன்னார்.

"இவ எந்த ஊர்லேர்ந்து வந்தா?"

"எங்கேர்ந்தும் வர்ல சாமி. இந்த ஊட்லயே பொறந்தவ. காடு வெட்டுன பெரியவரு பொண்ணு."

என் வீட்டுக்காரர் முகத்தைப் பார்க்க வேண்டுமே. பெரியவருக்கு இளைய மகனே இல்லை. ஒரு மகன், ஒரு மகள். மகன் வழி பங்காளி, மகள் வழி நாங்கள். அவளைக் கட்டியவர் மாற்று வேட்டிகூட இல்லாமல் உழவு ஓட்ட வந்து, வீட்டோடு மாப்பிள்ளையாக நின்றுவிட்டவர்.

பங்காளி சிரித்தார். "நான் சொன்னதத்தானே சித்தி நீயும் சொல்ற? பொண்ணு வழிக்கு ஏது பங்கு?"

"பங்குன்னு ஆரு சொன்னா நைனா? அப்பன் அவளுக்கு மஞ்சக்காணியா குட்த்த கொல்லை அது."

மஞ்சள் குங்குமத்துக்கு என்று கல்யாணத்தில் மகளுக்கு விடும் நிலம் மஞ்சக்காணி. அவள் பிள்ளைகளுக்குத்தான் போகும். கணக்குப்பிள்ளை அவசரமாகக் கட்டைப் புரட்டினார். கொல்லைக்கு எதிரே அந்தப் பெண்ணின் பெயரே இருந்தது. நிலத்துக்குப் பொம்பளை பெயரா, எழுதினவன் தூங்கிவிட்டான் போல என்று இத்தனை வருஷம் அதைத் தாண்டிப் போயிருக்கிறார். பங்காளி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார்.

இனி என் வீட்டுக்காரர் கைநாட்டு வைக்க வேண்டியதுதான். அவர் மையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மெதுவாக, இளைய மகன் வழி என்றே எழுத முடியாதா என்று கேட்டார். தாராளமாக எழுதலாம், அப்போது மஞ்சக்காணி என்று சொல்ல முடியாது, கொல்லையில் பாதி பங்காளிக்குப் போய்விடும் என்றார் கணக்குப்பிள்ளை.

கதவுக்குப் பின்னாலிருந்து என்னால் சும்மா இருக்க முடியவில்லை. "இன்னாத்துக்கு யா யோசிக்கிற? மாப்பிள்ளன்னா மரியாததானே?"

என்னை ஒரு முறை முறைத்துவிட்டு, காகிதம் கிழியும்படி கட்டைவிரலை அழுத்தினார். மறுநாள் விடிந்ததும் கத்தரிக்குத் தண்ணீர் இறைக்கப் போய்விட்டார். அதன் பிறகு ஊரில் யாராவது பிரியமாக மாப்பிள்ளை என்று கூப்பிட்டால் மட்டும் அவருக்குக் காது கேட்காது.