ஆபரேட்டருக்கு ஒரு நாள் லீவு

ஆளுக்கு இரண்டு செல்போன் வைத்திருக்கிற காலத்தில் ஓர் ஆபீஸுக்கு டெலிபோன் ஆபரேட்டர் எதற்கு? நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். போன வாரம் வரை.

தெரிந்தவர் ஒருவரின் கேட் பாஸ் விஷயமாக நெய்வேலியில் ஒரு கான்ட்ராக்ட் கம்பெனிக்குப் போயிருந்தேன். பெயர் வேண்டாமே... கேட் பாஸ் இன்னும் கைக்கு வரவில்லை. அங்கே ஆபரேட்டர் பரமேஸ்வரி, டவுன்ஷிப்பில் எங்கள் பிளாக்தான். கணவர் மைன்ஸில் பெர்மனன்ட், இவர் இங்கே கான்ட்ராக்ட். "உக்காருங்கண்ணா" என்று பக்கத்தில் நாற்காலி போட்டார்.

கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் இரண்டு மேனேஜர்கள். சபாபதி, தேவராஜ். எதிரெதிர் மேஜை. ஒருவர் தும்மினால் மற்றவர் ஃபைல் நனையும் – அவ்வளவு கிட்டம். ஆனால் கோடையிலிருந்து பேச்சுவார்த்தை கிடையாது. காரணம், ஃபேன். ஒருவருக்கு அது ஐந்தில் ஓட வேண்டும், மற்றவருக்கு இரண்டில். ஊர் ஊராகக் கரன்ட் அனுப்புகிற ஊரில் ஒரு ஃபேனுக்குச் சண்டை!

பேச்சு நின்றாலும் வேலை நடக்க வேண்டுமே? அதற்குத்தான் பரமேஸ்வரி. ஒருவர் போனில் இவரிடம் சொல்வார். இவர் மற்றவருக்குப் போன் போட்டுச் சொல்வார். எதிர் மேஜைக்காரர் சொன்னது ஏற்கெனவே காதில் விழுந்திருக்கும். இருந்தாலும் மணி அடிக்கும்வரை அவர் காத்திருப்பார். கௌரவம் என்று ஒன்று இருக்கிறதல்லவா?

அன்றைக்குப் பரமேஸ்வரி லீவு கேட்டிருந்தார். வெள்ளிக்கிழமை சேத்தியாத்தோப்பில் மகளுக்கு வளைகாப்பு. ஒரே பெண். இவர் போய்த்தான் அழைத்து வர வேண்டும். லீவுக்கு இரண்டு மேனேஜரும் தலையாட்ட வேண்டும் என்பது ஆபீஸ் வழக்கம். அவர்களோ பேசிக்கொள்வதில்லை. யார் மூலம் கேட்பார்கள்?

மணி அடித்தது. சபாபதி.

பரமேஸ்வரி கேட்டுக்கொண்டு தேவராஜைக் கூப்பிட்டார். "சார், ஆபரேட்டர் வெள்ளிக்கிழமை லீவு கேக்குறாங்களாம். தரலாமானு சபாபதி சார் கேக்குறாருங்க."

"எதுக்காம்?"

அதைச் சபாபதிக்குச் சொன்னார். "எனக்கு எப்படித் தெரியும்? அந்தம்மாவையே கேக்கச் சொல்லு" என்றார் அவர். அது தேவராஜுக்குப் போனது.

"அப்ப கேட்டுச் சொல்லு" என்றார் தேவராஜ்.

பரமேஸ்வரி ரிசீவரை வைத்தார். பிறகு எடுத்தார். "கேட்டேன் சார். பொண்ணுக்கு வளைகாப்பாம்."

எனக்குப் பொறுக்கவில்லை. "எனக்குத்தான் சார் லீவுன்னு நேராச் சொல்லேம்மா" என்றேன்.

"லைன்ல நம்ம சொந்தப் பேச்சு வரக் கூடாதுங்கண்ணா" என்றார்.

அடுத்து தேவராஜ் சொன்னது எனக்கே கேட்டது. "அன்னிக்கு எங்களுக்கு யாரு லைன் போடுவா? லீவெல்லாம் கிடையாதுன்னு சொல்லிடு."

பரமேஸ்வரியின் கண் கலங்கிவிட்டது. ஆனால் குரல் மாறவில்லை. "ஆபரேட்டருக்கு லீவு இல்லையாம் சார்" என்று சபாபதியிடம் சேர்த்துவிட்டார். தன் தலையில் விழும் கல்லைத் தானே சுமந்து போய்க் கொடுக்க எத்தனை பேரால் முடியும்?

பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு ஒரு காரியம் செய்தார். இரண்டு பேருக்கும் மணி அடித்தார். இரண்டு லைனையும் ஒன்றாகச் சேர்த்தார். ரிசீவரைக் கீழே வைத்துவிட்டார்.

உள்ளே இரண்டு "ஹலோ". இரண்டு பேரும் நிமிர்ந்தார்கள். ரிசீவர் காதில், எதிரே முகம். வைத்தால் வைத்தவர் தோற்றதாகிவிடும். பேசினால்... சமாதானமே ஆகிவிடும் அபாயம்.

"போயிட்டு வரட்டும்" என்றார் சபாபதி அவசரமாக.

"வரட்டும், வரட்டும்" என்றார் தேவராஜ். டக்கென்று இரண்டு ரிசீவரும் ஒரே நேரத்தில் கீழே இறங்கின.

என்னையும் அழைத்திருந்ததால் வெள்ளிக்கிழமை சேத்தியாத்தோப்புக்குப் போனேன். மகளுக்குக் கை நிறைய வளையல். அம்மாவுக்கு முகம் நிறையச் சிரிப்பு. மேனேஜர்கள் இரண்டு பேரும் வந்திருந்தார்கள். அழைத்தவர் எல்லோரையும்தானே அழைப்பார்! பந்தியில் பக்கத்துப் பக்கத்து இலை.

சபாபதி தலையைத் தூக்கினார். "பரமேஸ்வரி... அவருக்கு அந்தப் புளிசாதம் வேண்டாம்னா இந்தப் பக்கம் தள்ளுவாரான்னு கொஞ்சம் கேளும்மா."

பரமேஸ்வரி சந்தனக் கிண்ணத்தோடு நின்றார். மகளைப் பார்த்தார். சபாபதியைப் பார்த்தார்.

"லைன்ல இருங்க சார். பொண்ணுக்குச் சந்தனம் பூசிட்டு வந்துர்றேன்."